டெக்சஸில் வீட்டுவரிப் பதிவைத் தேடுவதும் படிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ், ஆஸ்டின், ஹியூஸ்டன் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஏப்ரலில் ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை வீட்டுவரிப் பேச்சு சூடுபிடிக்கும். முதலாவது மதிப்பு நோட்டீஸ் வரும் நேரம், இரண்டாவது பில் வரும் நேரம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், நகராட்சி, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எல்லாம் பெரிதும் சொத்துவரியை நம்பியே ஓடுவதால் தொகை கனமாகத்தான் இருக்கும்.

குழப்பத்தில் முக்கால்வாசி ஒரே இடத்தில் பிறக்கிறது. ஜனவரி 1 அன்று நிலைமை எப்படியோ, அதை வைத்துத்தான் அந்த ஆண்டின் பதிவு. அன்றைக்கு வீடு யார் பெயரில் இருந்தது, கட்டடம் எந்த அளவுக்கு எழும்பியிருந்தது, சந்தையில் என்ன விலை போயிருக்கும் என்பதே கணக்கு. பிப்ரவரியில் நீங்கள் வாங்கியதும் ஜூனில் கூரை மாற்றியதும் அந்த ஆண்டின் மதிப்பில் ஏறாது. கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரு தேதியைச் சுற்றியே வரும்.

என் வீட்டின் வரிப் பதிவை எங்கே பார்ப்பது?

இரண்டு இடங்களில். இது தெரியாமல் பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடி அலைவார்கள்.

வீட்டுக்கு மதிப்பு போடுவதும் சலுகை கொடுப்பதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். சுருக்கமாக சிஏடி. டெக்சஸில் 254 கவுண்டிகள்; அநேகமாகக் கவுண்டிக்கு ஒன்று என்று சிஏடி இருக்கிறது. கொலின், டென்டன், டாலஸ், ஹாரிஸ், டிராவிஸ், ஃபோர்ட் பெண்ட் என்று அந்தந்தக் கவுண்டியின் பெயரிலேயே தளம் இருக்கும். பில் போடுவதும் பணம் வாங்குவதும் கவுண்டியின் டாக்ஸ் அசெஸர் கலெக்டர் அலுவலகம். அது வேறு அலுவலகம், வேறு தளம். "மதிப்பு ஏன் இவ்வளவு?" என்று வரி அலுவலகத்தில் போய்க் கேட்டால் சிஏடிக்குப் போகச் சொல்வார்கள். "கட்டிய ரசீது எங்கே?" என்று சிஏடியில் கேட்டால் வரி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். வரி விகிதத்தை இரண்டுமே முடிவு செய்வதில்லை. அது பள்ளி மாவட்டம், நகராட்சி, கவுண்டி ஆகியவை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கூட்டம் போட்டுத் தீர்மானிப்பது.

இரண்டு தளங்களும் இலவசம், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. கூகுளில் தேடும்போது மேலே விளம்பரமாக வரும் "ப்ராப்பர்ட்டி ரெக்கார்ட்ஸ்" தளங்கள் கிரெடிட் கார்டு கேட்டால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் அதே தகவலைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

சிஏடி பக்கத்தில் என் பெயர் இருக்கிறதே, அதுதானே பட்டா?

இல்லை. அது வரிக்காக வைத்திருக்கும் பட்டியல். உரிமைக்குச் சான்று கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான டீடு, அதாவது கிரயப் பத்திரம்தான். சிஏடி பக்கத்தின் அடியில் "டீட் ஹிஸ்டரி" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ள பதிவு எண்ணை எடுத்துக்கொண்டு கிளார்க் தளத்தில் தேடினால் ஆவணத்தையே பார்க்கலாம். வீடு வாங்கி இரண்டு மாதமாகியும் சிஏடியில் பழைய சொந்தக்காரர் பெயரே இருந்தால் பதற வேண்டாம். கிளார்க் அலுவலகத்திலிருந்து விவரம் போய், அவர்கள் ஏற்றி முடிக்க நாளாகும்.

பெயரைப் போட்டுத் தேடினால் என் வீடு வரவே மாட்டேன் என்கிறதே?

நம் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. பதிவில் கடைசிப் பெயர்தான் முதலில் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டவர்களுக்கு வீடு அப்பா பெயரில் தொடங்கித்தான் பதிவாகியிருக்கும். மனைவியின் கடைசிப் பெயர் கணவர் பெயராகவோ அவருடைய அப்பா பெயராகவோ இருக்கும். ஒரே குடும்பத்தில் மூன்று விதமான கடைசிப் பெயர் நமக்குப் புதிதல்ல, ஆனால் தேடுபொறிக்குப் புதிது. போதாததற்கு நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும், சுப்பிரமணியன்களின் எழுத்துக் கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும்.

ஆகவே பெயரை விடுங்கள். கதவு எண், தெருப் பெயர் இரண்டை மட்டும் போடுங்கள். "ஸ்ட்ரீட்", "டிரைவ்", "லேன்" எதுவும் வேண்டாம், திசையும் வேண்டாம். வீடு கிடைத்ததும் ப்ராப்பர்ட்டி ஐடி என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதைப் போட்டால் நேரே வந்துவிடும்.

டீடில் உங்கள் பெயர் தப்பாகவே ஏறியிருந்தால் சிஏடியில் மாற்றச் சொல்லிப் பயனில்லை. வாங்கும்போது பத்திரப்பதிவை நடத்திய டைட்டில் கம்பெனியிடம் சொல்லித் திருத்த ஆவணம் பதிவு செய்ய வேண்டும்.

முகவரியில் ஃப்ரிஸ்கோ என்று இருக்கிறது. எந்தக் கவுண்டியில் தேடுவது?

ஃப்ரிஸ்கோ கொலினிலும் உண்டு, டென்டனிலும் உண்டு. அஞ்சல் முகவரியை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு தளத்தில் வரவில்லை என்றால் மற்றதில் பாருங்கள். பில்லிலும் வித்தியாசம் தெரியும்: கொலின் பக்கத்து பில்லில் கொலின் காலேஜுக்கு என்று ஒரு வரி இருக்கும், டென்டன் பக்கத்தில் அது கிடையாது. நகராட்சியும் பள்ளி மாவட்டமும் ஒன்றாக இருந்தும் இரண்டு நண்பர்களின் வரி விகிதம் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

பக்கம் முழுக்க எண்ணாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

மேலிருந்து கீழே மூன்று எண்கள் முக்கியம். முதலில் மார்க்கெட் வேல்யூ. நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கூட்டியிருப்பார்கள். அடுத்து "ஹோம்ஸ்டெட் கேப் லாஸ்" என்று ஒரு கழித்தல். ஹோம்ஸ்டெட் என்றால் நீங்களே குடியிருக்கும் சொந்த வீடு, அதற்கான சலுகைக்கும் அதே பெயர். பெயரில் லாஸ் இருந்தாலும் அது உங்களுக்கு லாபம்; ஆண்டுக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பால் கழிபடும் தொகை. அதைக் கழித்தபின் வருவது அப்ரைஸ்டு வேல்யூ, சில தளங்களில் அசெஸ்டு வேல்யூ. அதிலிருந்து சலுகைகளைக் கழித்தால் டாக்ஸபிள் வேல்யூ. இந்தக் கடைசி எண் பள்ளிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று என்று வேறுபடும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தரும் சலுகை வேறு. வரி விகிதம் 100 டாலருக்கு எவ்வளவு என்ற கணக்கில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விகிதங்களைக் கணக்குக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். உங்கள் ஊருக்கு உரியதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கெட் வேல்யூ 650,000 டாலர். கேப் லாஸ் 90,000. அப்ரைஸ்டு வேல்யூ 560,000. பள்ளி மாவட்டம் ஹோம்ஸ்டெட்டுக்கு 140,000 கழிக்கும். மீதி 420,000க்கு 1.03 வீதம் 4,326 டாலர். நகராட்சி 15 சதவீதம் கழிப்பதாக வைத்துக்கொண்டால் 476,000க்கு 0.43 வீதம் 2,046.80. கவுண்டி 5 சதவீதம் கழித்தால் 532,000க்கு 0.15 வீதம் 798. காலேஜ் 20 சதவீதம் கழித்தால் 448,000க்கு 0.08 வீதம் 358.40. மொத்தம் 7,529.20 டாலர்.

இதே வீட்டுக்கு ஹோம்ஸ்டெட்டும் உச்சவரம்பும் இல்லாவிட்டால் 650,000க்கு 1.69 வீதம் 10,985. பக்கத்து வீட்டுக்காரர் அதே பிளானில் கட்டிய வீட்டுக்கு உங்களைவிட 3,400 டாலர் குறைவாகக் கட்டுகிறார் என்றால் விடை அநேகமாக இங்கேதான் இருக்கும்.

பக்கத்தில் சலுகைக் குறியீடுகளும் இருக்கும். எச்எஸ் என்றால் ஹோம்ஸ்டெட். டிவி என்று தொடங்குபவை உடல் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கானவை. உங்கள் பக்கத்தில் எச்எஸ் இல்லையென்றால் வேறெதையும் படிப்பதற்கு முன் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஹோம்ஸ்டெட் தானாக வந்துவிடாதா?

வராது. நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 50-114, சிஏடி தளத்திலேயே நிரப்பி அனுப்பலாம், கட்டணம் இல்லை. வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நீங்கள் அதில் குடியிருக்க வேண்டும், டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். பழைய அபார்ட்மெண்ட் முகவரியோடு லைசென்ஸை ஸ்கேன் செய்து அனுப்பித் திரும்பி வருவதுதான் வழக்கமாக நடப்பது. முதலில் லைசென்ஸ், பிறகு படிவம்.

கடைசித் தேதி ஏப்ரல் 30. தவறவிட்டாலும் கதை முடியவில்லை. அந்த ஆண்டு வரி கெடு தாண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம், கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும். இது தெரியாமல் விட்ட பணம் நம் ஆட்களிடையே நிறைய.

பள்ளி வரிக்கான ஹோம்ஸ்டெட் கழிவு 2022இல் 40,000 டாலர், 2023இல் 100,000 ஆனது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்து 140,000 ஆயிற்று; 2025 வரி ஆண்டிலிருந்தே செல்லும். பழைய கட்டுரைகளில் பழைய எண்ணே கிடக்கும், ஆண்டைப் பார்த்துப் படியுங்கள்.

ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது சிஏடி சரிபார்க்க வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. அந்தக் கடிதத்தைக் குப்பைத் தபால் என்று எறிந்தால் சலுகை போய்விடலாம்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இதற்கு நிபந்தனை இல்லை. சொந்த வீடு, அதிலேயே குடியிருப்பு, முகவரி பொருந்தும் லைசென்ஸ்: இவைதான் கேட்பவை.

உச்சவரம்பு 10 சதவீதம் என்றார்கள். வாங்கிய மறு ஆண்டே மதிப்பு 25 சதவீதம் ஏறிவிட்டதே?

உச்சவரம்பு உடனே தொடங்குவதில்லை. ஹோம்ஸ்டெட் கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்துதான். 2024 நடுவில் வாங்கி 2025க்கு ஹோம்ஸ்டெட் பெற்றவருக்கு 2025இன் மதிப்பு அடித்தளம். 2026இல்தான் 10 சதவீதக் கட்டுப்பாடு. இடைப்பட்ட ஆண்டில் சந்தை என்ன சொல்கிறதோ அதுதான் மதிப்பு. இன்னொன்று, புதிதாக நீச்சல் குளமோ கூடுதல் அறையோ கட்டினால் அதன் மதிப்பு 10 சதவீதத்துக்கு வெளியே தனியாகச் சேரும்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்த 10 கிடையாது. அதற்கென்று 20 சதவீத வரம்பு ஒன்று 2024 முதல் 2026 வரையிலான வரி ஆண்டுகளுக்குக் கொண்டுவரப்பட்டது, ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மதிப்புக்கு உட்பட்ட சொத்துகளுக்கு.

புது வீடு. முதல் ஆண்டு பில் 2,000 டாலர்தான் வந்தது. நிஜமா?

நிஜம்தான், ஆனால் அடுத்த ஆண்டு வேறு. ப்ராஸ்பர், செலைனா, லியாண்டர் பக்கம் பில்டரிடம் புது வீடு வாங்குபவர்கள் எல்லோரும் இந்தப் பதிலை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஜனவரி 1 அன்று உங்கள் மனையில் செங்கல்கூட இல்லை. பில்டர் பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டு ஆகஸ்டில் சாவி கொடுக்கிறார். அந்த ஆண்டுப் பதிவில் நிலம் 120,000, கட்டடம் 0. மொத்த விகிதம் 1.69 என்றால் பில் 2,028 டாலர். எஸ்க்ரோ (வரிக்காகத் தவணையோடு மாதா மாதம் வாங்கிச் சேர்த்து வைக்கும் கணக்கு) வைத்திருக்கும் லெண்டர், அதாவது கடன் கொடுத்தவர், அந்த பில்லைப் பார்த்து மாதம் 169 டாலர் வரிக்கு என்று ஒதுக்கினால் உங்கள் மாதத் தவணை இனிப்பாகத்தான் தெரியும்.

அடுத்த ஜனவரி 1இல் வீடு முழுதாக நிற்கிறது. மதிப்பு 650,000. மேலே சொன்ன அதே கழிவுகளோடு, உச்சவரம்பு இல்லாமல் கணக்கிட்டால் 8,971 டாலர். எஸ்க்ரோவில் இருப்பது 2,028. லெண்டர் பில்லை முழுதாகக் கட்டிவிட்டு உங்களுக்குக் கடிதம் போடுவார்: பற்றாக்குறை 6,943 டாலர். அதை 12 மாதமாகப் பிரித்தால் மாதம் 579. வரவிருக்கும் ஆண்டின் வரிக்கு மாதம் 748. ஆக 169 ஆக இருந்த இடத்தில் சுமார் 1,325. தவணை ஒரே மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஏறுகிறது. லெண்டர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. தவறு நடந்தது முன்னாடியே, குறைந்த பில்லை வைத்து எஸ்க்ரோ போட்டபோது.

செய்ய வேண்டியது எளிது. கையெழுத்துப் போடும் முன் எஸ்க்ரோவை வீட்டின் முழு விலைக்குக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்படிப் போடச் சொல்லுங்கள், அல்லது வித்தியாசத்தை மாதா மாதம் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள்.

பழைய வீடு வாங்கப் போகிறேன். விற்பவரின் போன ஆண்டு பில்லை நம்பலாமா?

நம்பக் கூடாது. அது அவருடைய பில். அவர் பதினைந்து ஆண்டாக அங்கே இருந்தால் உச்சவரம்பால் மதிப்பு கீழே அழுந்திக் கிடக்கும். 65 வயது தாண்டியவர் என்றால் பள்ளி வரி ஒரு தொகையில் உறைந்து நிற்கும். நீங்கள் வாங்கிய அடுத்த ஜனவரி 1இல் அவருடைய உச்சவரம்பு போய், முழுச் சந்தை மதிப்பு திரும்பி வரும். வீடு விற்கும் தளங்களில் காட்டும் "டாக்ஸ் ஹிஸ்டரி"யும் இந்தப் பழைய எண்தான்.

சிஏடி பக்கத்தில் கேப் லாஸ் எவ்வளவு என்று பாருங்கள். அது பெரிதாக இருந்தால் உங்கள் வரியும் அதற்கேற்ப ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் விலையை மொத்த விகிதத்தால் பெருக்கி வரும் தொகையை எதிர்பாருங்கள். ஹோம்ஸ்டெட் கழிவு அதற்குமேல் கிடைக்கும் ஆறுதல்.

பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போனது என்று பதிவில் இல்லையே?

இருக்காது. டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டீடிலும் "பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும்" என்ற சம்பிரதாய வாசகமே இருக்கும். வீடு பத்து டாலருக்குப் போனதாக யாரும் பொறாமைப்பட வேண்டாம். வாங்கிய பிறகு சிஏடியிலிருந்து "எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று கடிதம் வரும். பதில் சொல்வது உங்கள் விருப்பம். மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் சொல்வதில் லாபம் உண்டு, அதிகமாகக் கொடுத்திருந்தால் சும்மா இருப்பதே நல்லது.

மதிப்பை எதிர்த்து ப்ரொடெஸ்ட் செய்வது பிரயோஜனமா?

எல்லோருக்கும் எல்லா ஆண்டும் இல்லை. மேலே போட்ட கணக்கையே எடுங்கள்: மார்க்கெட் 650,000, உச்சவரம்பால் வரி போடுவது 560,000க்கு. ப்ரொடெஸ்ட் செய்து மார்க்கெட்டை 610,000க்கு இறக்கினால் இந்த ஆண்டு வரியில் ஒரு சென்ட்கூடக் குறையாது. 560,000க்குக் கீழே கொண்டுவந்தால்தான் கை நிறையும். மார்க்கெட் மதிப்பு குறைந்த கடிதத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுக் கொண்டாடுபவர்கள் இரண்டாவது எண்ணையும் பார்த்துவிட்டுக் கொண்டாடலாம்.

மாறாக, வாங்கிய பிறகு ஹோம்ஸ்டெட் கிடைக்கும் முதல் ஆண்டில் கட்டாயம் செய்யுங்கள். அந்த எண்தான் அடித்தளம். அதில் 30,000 குறைத்தால் உச்சவரம்பு அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் குறைந்த இடத்திலிருந்தே ஏறும். கேப் லாஸ் பூஜ்யமாக இருக்கும் ஆண்டுகளிலும் செய்யலாம்.

மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுவே கெடு. ஆன்லைனில் போடும்போது இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள்: மதிப்பு சந்தையைவிட அதிகம், மற்ற வீடுகளோடு ஒப்பிடச் சமமாக இல்லை. விசாரணைக்குச் சிஏடி பயன்படுத்தப்போகும் ஆதாரங்களைக் கேளுங்கள், விசாரணைக்கு 14 நாள் முன்பாகத் தர வேண்டும். அதிலேயே பாதி விடை இருக்கும்: உங்கள் வீடு 2,900 சதுர அடி என்றால் அவர்கள் 3,100 என்று வைத்திருப்பார்கள், அல்லது குளக்கரையில் உள்ள வீட்டோடு ஒப்பிட்டிருப்பார்கள். உங்கள் பக்கத்துக்கு, வாங்கிய விலையைக் காட்டும் குளோஸிங் ஆவணம், அஸ்திவார விரிசலின் படம், ஒப்பந்ததாரர் தந்த ரிப்பேர் மதிப்பீடு போதும். "வரி கட்ட முடியவில்லை" என்ற பேச்சு எடுபடாது. அவர்கள் வீட்டின் மதிப்பை மட்டுமே பேசுவார்கள்.

பலருக்கு ஆன்லைனிலேயோ அதிகாரியோடு பேசியோ முடிந்துவிடும். முடியாவிட்டால் இந்த முறையீடுகளைத் தீர்க்கும் ரெவ்யூ போர்டின் விசாரணை. எதிர்த்ததற்காக நோட்டீஸில் உள்ளதைவிட மதிப்பைக் கூட்ட அந்த போர்டுக்கு அதிகாரம் இல்லை. மிச்சமாவதில் பங்கு வாங்கும் கம்பெனிகளிடம் விடுவதும் தப்பில்லை, ஆனால் எதில் பங்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வரி மிச்சத்தில் பங்கு என்று இருக்க வேண்டும், மதிப்புக் குறைப்பில் என்று இருந்தால் மேலே சொன்ன 610,000 கதைக்கும் நீங்கள் பணம் கொடுப்பீர்கள்.

கவுண்டி தளத்தில் பாக்கி இல்லை என்று காட்டுகிறது. பிறகும் ஒரு பில் வந்திருக்கிறதே?

மட் டிஸ்ட்ரிக்டாக இருக்கும். நகர எல்லைக்கு வெளியே தண்ணீர், சாக்கடை, வடிகால் அமைக்கக் கடன் வாங்கிய அமைப்பு அது. அந்தக் கடனை வீட்டுக்காரர்கள் வரியாக அடைக்கிறார்கள். கேட்டி, சைப்ரஸ், ரிச்மண்ட் பக்கம் சகஜம். ஹியூஸ்டன் வட்டாரத்தில் இந்த வரியைத் தனி வசூல் அலுவலகம் வாங்குவது வழக்கம், ஆகவே கவுண்டி தளத்தில் அது தெரியாமலே போகலாம். சிஏடி பக்கத்தில் "டாக்ஸிங் யூனிட்" பட்டியலில் மட் பெயர் இருக்கிறதா பார்த்து, அதை வசூலிப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்.

பிஐடி என்று வருவது இன்னொரு வகை. பூங்கா, சாலை போட்டதற்காக நகராட்சி மனைவாரியாக விதிக்கும் தொகை. ஹோம்ஸ்டெட் அதைக் குறைக்காது. வாங்கும்போதே எத்தனை ஆண்டுக்கு, ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நண்பர்கள் சேர்ந்து பத்து ஏக்கர் வாங்கினோம். வரி சில நூறு டாலர்தான். இப்படியே இருக்குமா?

பதிவில் "ஏஜி யூஸ்" என்றும் "ஏஜி மார்க்கெட்" என்றும் இரண்டு எண்கள் இருக்கும். சட்டத்தில் 1-டி-1 என்று சொல்லப்படும் விவசாய மதிப்பீடு இது. மாடு மேய்ப்பதாலோ வைக்கோல் வெட்டுவதாலோ நிலத்துக்கு அதன் விளைச்சல் மதிப்பில் மட்டும் வரி. சந்தை மதிப்பு பத்து லட்சமாக இருந்தும் வரி போடும் மதிப்பு சில ஆயிரமாக இருப்பது இதனால்தான்.

இரண்டு விஷயம் பலருக்குப் பின்னாடிதான் தெரியும். நிலம் கைமாறியதும் புதுச் சொந்தக்காரர் தன் பெயரில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் சலுகை கூடவே வராது. விண்ணப்பிக்காமல் விட்டால் முழுச் சந்தை மதிப்புக்கு பில் வரும். அடுத்து, விவசாயத்தை விட்டு மனை போட்டாலோ கட்டடம் எழுப்பினாலோ ரோல்பேக் வரி: முந்தைய மூன்று ஆண்டுகளுக்குச் சந்தை மதிப்பில் கட்டியிருக்க வேண்டிய வரிக்கும் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம். 2019க்கு முன் இது ஐந்து ஆண்டாக இருந்தது. அந்தப் பாக்கி நிலத்தின்மேல் நிற்கும். டெவலப்பருக்கு விற்கும்போது இதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம் நிச்சயம்.

பில் எனக்கு வரவேயில்லை. அபராதம் போடலாமா?

போடலாம், போடுவார்கள். பில் கையில் சேரவில்லை என்பது சட்டப்படி சாக்கு அல்ல. ஜனவரி 31 கெடு. பிப்ரவரியில் கட்டினால் 7 சதவீதம் கூடுதல், மார்ச்சில் 9, ஏப்ரலில் 11, மேயில் 13, ஜூனில் 15. ஜூலையில் 18, அதோடு வசூல் வழக்கறிஞர் கட்டணமாக 20 சதவீதம் வரை. எஸ்க்ரோ இருந்தாலும் ஜனவரி நடுவில் ஒரு முறை வரி அலுவலகத் தளத்தில் பாக்கி பூஜ்யமா என்று பாருங்கள். ரீஃபைனான்ஸ் செய்த ஆண்டிலும் லோன் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போன ஆண்டிலும் கண்டிப்பாகப் பாருங்கள்.

ஊருக்குத் திரும்புகிறோம், வீட்டை வாடகைக்கு விடுகிறோம். என்ன செய்ய வேண்டும்?

சிஏடிக்கு எழுதி ஹோம்ஸ்டெட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள், தபால் முகவரியை மாற்றுங்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று விட்டால், தகுதியில்லாமல் பெற்ற சலுகையை ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. தற்காலிகமாகப் போய் வருவது வேறு: வேறெங்கும் முதன்மை வீடு அமைத்துக்கொள்ளாமல், திரும்பி வரும் எண்ணத்தோடு இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் சலுகை நிற்கும்.

அப்பா அம்மா எங்களோடு இருக்கிறார்கள், 65 தாண்டியவர்கள். முதியோர் சலுகை உண்டா?

டீடில் அவர்கள் பெயர் இருந்தால்தான். சலுகைக்காக மட்டும் பெயரைச் சேர்ப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமும் லெண்டரிடமும் பேசுங்கள்.

என் பெயரும் வீட்டு மதிப்பும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

ஆம், பொதுப் பதிவு. நீதிபதிகள், காவலர்கள் போன்ற சிலர் மட்டும் மறைக்கக் கோரலாம். குடியிருப்பு வீடுகளின் உள் வரைபடத்தையும் உரிமையாளரின் வயதைக் காட்டும் விவரத்தையும் இணையத்தில் போடக் கூடாது என்று தடை இருக்கிறது.

இந்தப் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் வீடு வாங்கிய மூன்றாம் வாரம் அரசுக் கடிதம் போலவே ஒரு கடிதம் வரும். "உங்கள் டீட் நகலுக்கு 100 டாலர்", "ஹோம்ஸ்டெட் பதிவுக்கு 50 டாலர்" என்று கெடு தேதியோடு, கழுகுச் சின்னத்தோடு. அடியில் பொடி எழுத்தில் "நாங்கள் அரசு நிறுவனம் அல்ல" என்று இருக்கும். நகல் கிளார்க்கிடம் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கும், ஹோம்ஸ்டெட் இலவசம்.

கலிபோர்னியாவில், நியூ ஜெர்சியில் இருக்கும் உறவினர்களுக்கும் இதே விதியா?

இல்லை. கலிபோர்னியாவில் 1978இல் வந்த ப்ரொபசிஷன் 13படி வாங்கிய விலைதான் அடித்தளம். அடிப்படை விகிதம் 1 சதவீதம், அதோடு வாக்காளர்கள் ஒப்பிய கடன்கள். மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் ஏறும். இரண்டு தவணை: டிசம்பர் 10க்குள் ஒன்று, ஏப்ரல் 10க்குள் ஒன்று. வாங்கியதும் இடைப்பட்ட காலத்துக்குச் சப்ளிமென்டல் பில் ஒன்று தனியாக வரும், அதைப் பெரும்பாலும் எஸ்க்ரோ கவனிக்காது. நியூ ஜெர்சியில் மதிப்பு போடுவது எடிசன் போன்ற டவுன்ஷிப். ஆண்டுக்கு நான்கு தவணை. அங்கே தேடலைக் கவுண்டியிலிருந்து அல்ல, டவுன்ஷிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபெடரல் வரிக் கணக்குக்கு எந்த ஆண்டின் பில்லை எடுப்பது?

பில்லின் ஆண்டு அல்ல, பணம் கட்டிய தேதி. 2025 பில்லை 2025 டிசம்பர் 28இல் கட்டினால் 2025 கணக்கில் சேரும், 2026 ஜனவரி 10இல் கட்டினால் 2026இல். டெக்சஸில் கெடு ஜனவரி 31 என்பதால் எந்த ஆண்டில் காட்டுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எஸ்க்ரோ இல்லாவிட்டால். மாநில, உள்ளூர் வரிகளை ஃபெடரல் கணக்கில் வருமானத்திலிருந்து கழிக்கும் இந்தக் கழிவுக்கு 2024 வரை 10,000 டாலர் வரம்பு இருந்தது. 2025க்கு 40,000, மிக உயர்ந்த வருமானத்துக்கு அது குறையும். வரி அலுவலகத் தளத்தில் "பேமெண்ட் ஹிஸ்டரி"யைத் திறந்தால் எந்தத் தேதியில் யார் கட்டியது என்று இருக்கும். லெண்டர் ஆண்டுதோறும் தரும் 1098 என்ற கடன் வட்டிப் படிவத்தின் எண்ணோடு அதை ஒப்பிட்டு, ரசீதை பிடிஎஃப்பாக இறக்கிக் கணக்காளருக்கு அனுப்பிவிடுங்கள்.